பால்வாடியில "உங்க பேரு இங்க இல்ல"ன்னு சொன்னா என்ன செய்யணும்?

நெய்தல்மகள்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருக்கோடியில அடுக்குமாடிக் கட்டடம் ஒண்ணு எழும்பிட்டிருக்கு. விழுப்புரம் பக்கத்துல இருந்து வேலைக்கு வந்த குடும்பங்க அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்காங்க. அதுல ஒரு பொண்ணுக்கு எட்டு மாசக் கைக்குழந்தை. பக்கத்துத் தெரு பால்வாடியில சத்துமாவு கேட்டிருக்கா. "உன் பேரு உங்க ஊர் சென்டர்லதான் இருக்கு, அங்க போய் வாங்கிக்கோ"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். ஊருக்குப் போய்வர ஒருநாள் கூலி போயிடும், பஸ் செலவு வேற.

இப்ப அந்தக் குழந்தைக்கு என்ன ஊட்டுறான்னு பார்த்தேன். டீக்கடையில வாங்கின டீயில பிஸ்கட்டை ஊறவச்சு விரலால வழிச்சுக் குடுக்கிறா. தாய்ப்பாலும் குடுக்கிறா, ஆனா அவளே சாரம் ஏறி இறங்குறவ.

அவளைக் கூட்டிக்கிட்டு நானே போகலாம்னு இருக்கேன். போறதுக்கு முன்னாடி விதி என்னன்னு தெரிஞ்சுக்கணும். ரேஷன் கார்டு மாமியார்கிட்ட இருக்காம். அது இல்லாமக் குடுப்பாங்களா?

வைகைக்கரை

தோழி, ரேஷன் கார்டைப் பத்திக் கவலையே படாதீங்க. அங்கன்வாடி உணவுக்கு அது தகுதிச் சான்று கிடையாது. உணவுரிமை வழக்குல உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர்லயே தெளிவா சொல்லிடுச்சு: ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துல வறுமைக்கோட்டைத் தகுதியா வைக்கக்கூடாதுன்னு. வர்ற குழந்தை எல்லாத்துக்கும் உண்டு.

அடுத்தது 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழ்நாட்டுல 2016 நவம்பர் 1ல இருந்து அது நடைமுறையில இருக்கு. ரேஷன் அரிசிச் சட்டம்னுதான் நம்மள்ல பல பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். அதோட பிரிவு 4 கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாசம் வரைக்கும் தாய்க்கும் அங்கன்வாடி மூலமா இலவச உணவு தரணும்னு சொல்லுது. பிரிவு 5 ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு. பிரிவு 6 ஊட்டம் குறைஞ்ச குழந்தைக்கு. 2013ல சட்டம் வந்தப்போ அளவையும் அட்டவணையிலயே போட்டிருந்தாங்க. ஆறு மாசம் முதல் மூணு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். ஊட்டம் குறைஞ்ச குழந்தைக்கு 800 கலோரி.

தர வேண்டிய உணவைத் தரலைன்னா அதுக்கு ஈடா உணவுப் பாதுகாப்புப் படி தரணும்னு பிரிவு 8 சொல்லுது. அதனால "கொஞ்சம் பார்த்துக் குடுங்கம்மா"ன்னு கெஞ்ச வேண்டிய விஷயம் இல்ல இது. மரியாதையாப் பேசுங்க, ஆனா உரிமையோட கேளுங்க.

பால்வாடி டீச்சர்

நான் இந்த வேலையிலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். அந்த சென்டர் டீச்சரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அவங்க மேசையில என்ன நடக்குதுன்னு பாருங்க.

2021ல இருந்து எல்லாமே போஷன் டிராக்கர் செயலிதான். கர்ப்பிணி, தாய், குழந்தை ஒவ்வொருத்தர் பேரும் அதுல ஒரு சென்டர்ல பதிவாயிருக்கும். ஆதார் சேர்த்திருக்கும். ஒரே ஆளை ரெண்டு சென்டர்ல போட முடியாது. ஸ்டாக்கும் பதிவுக்குத் தகுந்தபடிதான் வரும். பதிவுல இல்லாத குழந்தைக்கு நான் பாக்கெட்டைக் குடுத்தா மாசக் கடைசியில கணக்கு இடிக்கும், பதில் சொல்ல வேண்டியது நான்.

2025 ஜூலை 1ல இருந்து வீட்டுக்குக் குடுக்கிற உணவுக்கு முகப்பதிவும் கட்டாயம். தாய் நேர்ல வரணும், ஆதார்ப் படத்தோட முகம் ஒத்துப்போகணும், போன்ல ஓடிபி வரணும். எங்க சென்டர்ல ஒரே ஜன்னல். வெளிச்சம் பத்தாதுன்னு தாயை வாசப்படியில நிக்க வச்சு போனைத் தூக்கிப் பிடிப்பேன். "கண்ணைச் சிமிட்டும்மா"ம்பேன். இடுப்புல இருக்கிற பிள்ளை போனைப் பிடுங்க வரும். ஆதார்ல அந்தப் பொண்ணு பள்ளிக்கூடச் சீருடையோட ரெட்டைச் சடை போட்டிருப்பா. இப்போ கல்யாணமாகி, பிள்ளை பெத்து, கன்னம் ஒட்டிப்போய் நிக்கிறா. ஒத்துப்போகலைன்னு வரும். மறுபடி எடுப்போம். ஓடிபி வீட்டுக்காரர் போனுக்குப் போகும், அவர் வேலையில இருப்பார், போனை எடுக்கமாட்டார். அதுக்குள்ள அடுப்புல சாதம் குழைஞ்சிடும், உள்ள பிள்ளைங்க அடிச்சுக்கும். ஆயா இல்லாத சென்டர்னா ரெண்டு பக்கமும் நானே ஓடணும்.

இவ்வளவையும் சொல்லிட்டு இதையும் சொல்றேன்: "உங்க ஊருக்குப் போ"ன்னு அனுப்பினது தப்புதான். இடம்பெயர்ந்து வந்தவங்களை ஒரு சென்டர்ல இருந்து இன்னொரு சென்டருக்கு மாத்த அந்தச் செயலியிலயே வழி இருக்கு. பழைய டீச்சர் போன் நம்பர் அந்தப் பொண்ணுகிட்ட நிச்சயமா இருக்கும், இல்லேன்னா மாமியார்கிட்ட இருக்கும். அங்க இருந்து விடுவிச்சா இங்க சேர்த்துக்கலாம். முடியலைன்னா வட்டார மேற்பார்வையாளர்கிட்ட சொல்லுங்க, அவங்க பேசி முடிப்பாங்க. போகும்போது தாயோட ஆதார், குழந்தை பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை எடுத்துக்கோங்க. முக்கியமா, ஆதார்ல இருக்கிற போன் நம்பர் எதுன்னு முன்கூட்டியே பார்த்துக்கோங்க. பாதிப் பேருக்கு அந்த நம்பரே இப்ப உயிரோட இருக்காது.

குழந்தையை எடை போடச் சொல்லுங்க, புஜத்தையும் நாடாவால அளக்கச் சொல்லுங்க. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா சிவப்பு. சத்துமாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கக்கூடாது, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகணும்.

கொங்குத்தம்பி

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊருல அந்த மாவைக் கலக்கி மாட்டுக்கு வைக்கிறதை நானே பார்த்திருக்கேனுங்க. கோழிக்கும் போடுறாங்க. அரசாங்கம் அரைச்சு, மூட்டை கட்டி, லாரியில ஏத்தி, கடைசியில தொட்டியில கரைக்கிறதுக்கு எதுக்கு இத்தனை செலவு? அந்தப் பணத்தைத் தாய் கணக்குல நேராப் போட்டுட்டா பாலோ முட்டையோ அவங்களே வாங்கிக்கமாட்டாங்களா? முகம் சரியில்ல, பேரு இல்லன்னு யாரும் திருப்பி அனுப்ப முடியாதுங்களே.

ரெட்டைப்புள்ள அம்மா

மாட்டுக்குப் போகுதுன்னு சொல்ற எல்லாரும் ஒரு தடவை அந்த வீட்டு அடுப்படியில நின்னு பார்க்கணும்.

எனக்கு ரெட்டைக் குழந்தைங்க. வயித்துல இருக்கும்போது மாவு வாங்கினேன். பாக்கெட்டு வீட்டுக்குள்ள வந்ததும் மாமியார் உருண்டை பிடிப்பாங்க. கொழுந்தன் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு, மாமனாருக்கு ஒண்ணு, வேலைக்குப் போற வீட்டுக்காரருக்கு டப்பாவுல ரெண்டு. எனக்கு மிச்சம் இருந்தா ஒண்ணு. யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் பங்கு வச்சுத் தின்னு பழகின வீடு. ஒரு கர்ப்பிணிக்கு மாசம் முழுக்க வர வேண்டியது ஒரு வாரத்துல காலியாகும். கடைசியில வண்டு விழுந்த அடிப்பாக்கெட்டுதான் மாட்டுக்குப் போகும், பாக்குறவங்க கண்ணுல அது மட்டும் படும்.

டீச்சர் ஒருநாள் எங்க வீட்டுக்கே வந்து மாமியாரைப் பக்கத்துல உக்கார வச்சுப் பேசினாங்க. "இது மருந்து மாதிரி அத்தை, ஆஸ்பத்திரி டானிக்கைப் பங்கு போட்டுக் குடிப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. அன்னையில இருந்து மாமியாரே தனி டப்பாவுல போட்டு வச்சாங்க, வேற யாரையும் தொடவிடலை. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பேச்சு செஞ்ச வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

மாவு இனிப்பா இருக்கு, பிள்ளை ஒதுக்குதுன்னு சொல்றவங்களுக்கு: வெல்லம் ஏற்கெனவே கலந்திருக்கு, மேல சர்க்கரை போடாதீங்க. எட்டு மாசக் குழந்தைக்குத் தண்ணியில கரைச்சு, கட்டியில்லாமக் காய்ச்சி, கரண்டியைச் சாய்ச்சா சொட்டாம மெதுவா வழியணும், அந்தப் பதம். ரொம்பத் தண்ணியாக் காய்ச்சினா வயிறு ரொம்பும், சத்து ஏறாது. இறக்கினதும் ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்க. ஒரு வயசுக்கு மேல புட்டா அவிக்கலாம், தோசை மாவுல கலந்து சின்னச் சின்னதா ஊத்தலாம்.

செவிலி

கிராம சுகாதாரச் செவிலியரா நிறைய வருஷம் ஓடினவ நான். கொங்குத்தம்பி கேட்டதுக்கு என் அனுபவத்தை வச்சுப் பதில் சொல்றேன்.

பணமும் தர்றாங்க தம்பி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல 300 ரூபாயில தொடங்கினது. 2006ல 6,000, 2011ல 12,000, 2018ல 18,000 ஆச்சு. அதுல 14,000 ரொக்கம், மீதிக்குத் தலா 2,000 மதிப்புள்ள ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை எல்லாம் அதுல இருக்கும். இதுக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள்ள கர்ப்பத்தைப் பதிஞ்சு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண் வாங்கணும்.

பணம் வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். அந்த ரொக்கம் வந்த நாள்ல எத்தனையோ பொண்ணுங்க நிம்மதியா மூச்சு விட்டதைப் பார்த்திருக்கேன். ஆனா அது வட்டிக்கும் வாடகைக்கும் போகும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்குப் போகும். போகட்டும், அதுவும் தேவைதான். உணவோட கதை வேற. ஏழைவீட்டுப் பொண்ணு கையில காசு இருந்தாலும் தனக்குன்னு முட்டை வாங்கித் தின்னமாட்டா. வீட்டுல எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கும்போது அவளுக்குத் தொண்டையில இறங்காது. "இது அரசாங்கம் உனக்குன்னு குடுத்தது"ன்னு சொன்னாத்தான் அவ கையை நீட்டுவா. அதனாலதான் உணவு உணவாவே வரணும்னு நான் பிடிவாதமா சொல்றேன். சென்டர்லயே உக்கார வச்சுச் சுடச்சுடப் போட்டா இன்னும் நல்லது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரைக்கும் எடுத்தாங்க. தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குட்பட்ட நூறு குழந்தையில 25 வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க, ஏறக்குறைய 15 உயரத்துக்கேத்த எடை இல்லாதவங்க. இந்திய சராசரி 35.5ம் 19.3ம். நாம மேலதான் இருக்கோம், சரி. ஆனா ரத்தசோகையைப் பாருங்க. கர்ப்பிணிகள்ல 48.3 சதவீதம், குழந்தைகள்ல 57.4 சதவீதம். பாதிக்குப் பாதி. இதை வச்சுக்கிட்டு மாவு மாட்டுக்குப் போகுதான்னு வாதம் பண்ண எனக்கு மனசு வரலை.

நெய்தல்மகள், டீயை நிறுத்தச் சொல்லுங்கம்மா. கறாராச் சொல்லுங்க. டீ இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. கடையில இட்லி வாங்குறவங்கதான? ஒரு இட்லியைப் பருப்புத் தண்ணியில பிசைஞ்சு குடுக்கச் சொல்லுங்க. தாய்ப்பால் தொடரட்டும், அதோட ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை இந்த மாதிரி.

நெய்தல்மகள்

எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்துட்டோம்.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. ஆதார்ல இருக்கிற நம்பர் அவ அண்ணனோடது, அவர் திருப்பூர்ல இருக்கார். போன் போட்டு ஓடிபி வாங்கினோம். இந்த சென்டர் டீச்சர் முதல்ல முகம் சுளிச்சாங்க. விழுப்புரத்து டீச்சர்கிட்ட நான் போனைக் குடுத்ததும் ரெண்டு பேரும் அவங்க பாஷையில மளமளன்னு பேசி மாத்திட்டாங்க. சட்டப் பிரிவு எதையும் நான் எடுக்க வேண்டியே வரலை. கேட்டுப் போயிருந்த தைரியம் போதுமானதா இருந்தது.

நாடாவுல மஞ்சள் வந்தது. சிவப்பு இல்ல, ஆனா கவனிக்கணும்னு சொன்னாங்க. மாவு குடுத்தாங்க. கொட்டகையில இன்னும் மூணு சின்னப் பிள்ளைங்க இருக்காங்கன்னு சொன்னதும் "அவங்களையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு வயசு முடிஞ்சிருந்தா இங்கேயே சாப்பாடு, வாரம் மூணு முட்டை"ன்னு அவங்களே சொன்னாங்க.

இன்னொரு சிக்கல் வந்திருக்கு. அந்தக் கொட்டகையில இன்னொரு அக்கா மூணாவது தடவையா மாசமா இருக்காங்க. "மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாதாம், அதனால நான் பதியவே போகலை"ங்கிறாங்க. நெசமா?

செவிலி

பாதி உண்மை. அந்தப் பாதிதான் உயிருக்கு உலை வைக்குது.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தோட பணம் முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். ஒன்றிய அரசோட மகப்பேறு உதவித் திட்டமான மாத்ரு வந்தனா இன்னும் குறுகல்: முதல் குழந்தைக்கு 5,000, ரெண்டாவது பெண்ணாப் பிறந்தா மட்டும் 6,000. ஆனா சத்துமாவுக்கு எத்தனையாவது பிரசவம்ங்கிற கணக்கே கிடையாது. கர்ப்பகாலப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, அரசு ஆஸ்பத்திரிப் பிரசவம் எதுக்கும் அந்தக் கணக்கு கிடையாது. பணம் இல்லைன்னதும் "ஒண்ணுமே இல்ல"ன்னு முடிவு கட்டி அந்தப் பொண்ணுங்க பதியாமலே இருந்துடுறாங்க. மூணாவது பிரசவத்துல ரத்தம் இன்னும் குறைஞ்சிருக்கும், ஆபத்து இன்னும் அதிகம். உடனே கூட்டிட்டுப் போங்க, தாமதிக்காதீங்க.

என் மனசுல இருக்கிறதையும் சொல்லிடறேன். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக இந்த வரம்பு வச்சாங்க. தமிழ்நாட்டுல சராசரியா ஒரு பெண்ணுக்கு ரெண்டு குழந்தைக்கும் குறைவாத்தான் இப்போ. இன்னும் அந்த வரம்பை வச்சிருக்கிறது யாரைத் தண்டிக்குது? வயித்துல இருக்கிற பிள்ளை நான் எத்தனையாவதுன்னு கேட்டுக்கிட்டா வருது?

கொங்குத்தம்பி

ரெட்டைப்புள்ள அம்மா எழுதினதையும் செவிலியம்மா எழுதினதையும் படிச்சேனுங்க. அடுப்படியில இப்படி நடக்கும்னு எனக்குத் தோணலை, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி நிக்குது. மாவோட தரம் நல்லா இருந்தா யாருங்க மாட்டுக்கு வைப்பாங்க? அரசாங்கம் ஒரு குழந்தைக்கு எவ்வளவுதான் செலவு பண்ணுது?

வைகைக்கரை

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் தம்பி.

ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. கடுமையா ஊட்டம் குறைஞ்ச குழந்தைக்கு 12 ரூபாய். ஒன்றிய அரசு 2017ல நிர்ணயிச்சது. பாதி அவங்க, பாதி மாநிலம். முட்டை மாதிரி கூடுதல் செலவை மாநிலம்தான் தாங்கிக்குது. 2017ல இருந்து பருப்பு விலையும் வெல்ல விலையும் எங்க போச்சுன்னு வீட்டுல சமைக்கிறவங்களைக் கேளுங்க. 2025 பட்ஜெட் உரையில இந்தத் தொகையை உயர்த்துறதா அறிவிச்சாங்க. இந்தக் காசுல சட்டம் சொல்ற கலோரியும் புரதமும் தரணும்னா மாவுல தானியம் கூடும், பருப்பு குறையும். சட்டம் சொல்ற அளவுக்கும் ஒதுக்குற பணத்துக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான் தரம் விழுது.

பழைய கதை ஒண்ணும் சொல்லணும். 1980ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு தொடங்கினாங்க. மாசாமாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாசம் உணவு, தேறினதும் நிறுத்திடுவாங்க. எடை போடுற பழக்கத்தை ஊர் ஊராக் கொண்டுபோனது அந்தத் திட்டம், அதோட பெருமையைக் குறைக்கக்கூடாது. ஆனா 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சப்போ ரெண்டு வயசுல இருந்தே பிள்ளைங்களை உக்கார வச்சு எல்லாருக்கும் சோறு போட்டாங்க. நிபுணர்கள் பல பேர் அதைப் பண விரயம்னுதான் பேசினாங்க. இன்னைக்கு யாராவது அதை நிறுத்துன்னு சொல்ல முடியுமா? எல்லாருக்கும்னு இருக்கிறப்போ கேட்கிறதுக்கு வெட்கம் இல்ல. யாருக்குத் தகுதின்னு சலிக்க ஆரம்பிச்சா முதல்ல விழுறது தகரக் கொட்டகைக்காரங்கதான். முகப்பதிவும் இப்போ அந்தச் சல்லடை வேலையைத்தான் செய்யுது. திருட்டைத் தடுக்கணும், சரி. அதுக்கு டெண்டர்லயும் கிடங்குலயும் பாருங்க. பிள்ளையை இடுப்புல வச்சிருக்கிறவ கண்ணுல ஏன் பார்க்கணும்?

பால்வாடி டீச்சர்

வைகைக்கரை சார் எழுதினதைப் படிச்சு மனசு நிறைஞ்சு போச்சு. எங்க சம்பளத்தையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க. எங்களுக்கு வர்றது மதிப்பூதியம்தான். ஒன்றிய அரசு பணியாளருக்கு 4,500ன்னும் உதவியாளருக்கு 2,250ன்னும் 2018ல வச்சாங்க, மேல மாநிலம் போடுறதை வச்சுத்தான் குடும்பம் ஓடுது. பணிக்கொடைக்கு எங்களுக்கு உரிமை உண்டுன்னு 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இன்னொரு வீட்டு மாமியார்கிட்ட உக்கார்ந்து பேச எனக்கு ஆசைதான், ரெட்டைப்புள்ள அம்மா. அதுக்கான நேரத்தைத்தான் போன் தின்னுடுது.

ரெட்டைப்புள்ள அம்மா

அப்போ நாங்க வெளியில இருந்து என்ன செய்யலாம்னு சொல்லுங்க. ஆதங்கப்பட்டு மட்டும் என்ன ஆகப்போகுது?

வைகைக்கரை

கிராம சபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நம்ம ஊர் சென்டர்ல எத்தனை பேர் பதிவுல இருக்காங்க, போன மாசம் எத்தனை பேருக்கு உணவு போச்சு, விடுபட்டவங்க ஏன் விடுபட்டாங்க. முகம் ஒத்துப்போகாதவங்களுக்கு நோட்டுல கையெழுத்து வாங்கிக் குடுக்க அனுமதி வேணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க. அங்க நடக்கலைன்னா 'முதல்வரின் முகவரி' புகார் எண் 1100க்குப் போன் பண்ணுங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்கணும், எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

நகரத்துல கட்டட வேலை நடக்கிற இடமா இருந்தா உச்ச நீதிமன்றத்தோட 2006 டிசம்பர் 13 உத்தரவைக் கையில வச்சுக்கோங்க. ஆறு வயசுக்குட்பட்ட குறைஞ்சது 40 குழந்தைங்க இருக்கிற குடியிருப்புல அங்கன்வாடி இல்லைன்னா, அந்த மக்கள் கேட்ட மூணு மாசத்துக்குள்ள திறக்கணும்.

பால்வாடி டீச்சர்

மனுவுல டீச்சர் பேரை எழுதாதீங்க சார், சென்டர் பேரும் பிரச்சினையும் போதும். பேரை எழுதினா எங்களுக்கு மெமோதான் வரும், மாவு வராது. ஆயா பணியிடம் காலியா இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க, அது நாங்க கேட்டா நகராது, ஊர் கேட்டா நகரும். நெய்தல்மகள், மஞ்சள்ல இருக்கிற பிள்ளையை அடுத்த மாசமும் எடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுக்குள்ள கட்டடம் முடிஞ்சு வேற ஊருக்குக் கிளம்புறாங்கன்னா, போறதுக்கு முந்தின நாளே இந்த டீச்சர்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க.

நெய்தல்மகள்

சொல்லிட்டேன் அக்கா. மூணாவது பிரசவம்னு சொன்னேனே, அந்த அக்காவை வர்ற செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.